ஒரு தலைப்பும் ஓர் ஒன்றியமும்

2018 ஆம் ஆண்டு பங்குனி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், யாழ்ப்பாண நகரிலுள்ள பழைய நாற்சார் வீடொன்றின் விறாந்தையில் அமர்ந்து அங்கத்துவப் படிவம் ஒன்றை நிரப்பிக்கொண்டிருந்தேன். மாவட்டத்தில் உளநலத்துறையில் பணியாற்றும் அமைப்புகளை ஒன்றுசேர்த்து, அவற்றின் சார்பில் அரசாங்கத்துடனும் மாகாண சுகாதார அமைச்சுடனும் பேசுவதற்கென அமைக்கப்பட்ட ஒன்றியத்தின் படிவம் அது. பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம் ஆகியவற்றின் பின்னர், ‘உளநலத்துறையுடன் உமக்குள்ள தொடர்பு’ என்று ஒரு வினா. அதற்கு எதிரே மூன்று கட்டங்கள். உளநல வாண்மையாளர், அமைப்பின் பிரதிநிதி, ஆர்வலர்.

மூன்றாவது கட்டத்தில் அடையாளமிட்டேன். கால் நூற்றாண்டுக்கு மேற்பட்ட பத்திரிகை வாழ்வில் உளநலத்தில் நான் காட்டிய ஆர்வம் எத்தகையது என்று அப்போது எவரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

என்னை அழைத்தவர் ஒன்றியத்தின் செயலாளர். ஓய்வுபெற்ற அதிபர், என் தந்தையாருக்கு வேண்டியவர். “தம்பி, எங்கடை அறிக்கையள் ஒண்டும் பேப்பரிலை வாறேல்லை. வந்தாலும் கோயில் திருவிழா அறிவித்தலுக்குக் கீழை நாலு வரியிலை கிடக்குது. நீங்கள் வந்தால் ஒரு வழி பிறக்கும்” என்று தொலைபேசியில் சொன்னார். அவர்களுக்கு வேண்டியது நானல்ல, பத்திரிகையின் முதற்பக்கத்தில் ஒரு மூலை என்பது எனக்கு விளங்கியது. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. ஐம்பது வயதை எட்டிய பத்திரிகையாளனைப் பொது அமைப்புகள் அழைப்பது பெரும்பாலும் அதற்காகத்தான்.

இத்தகைய ஒன்றியம் ஒன்று எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். புலம்பெயர்ந்து வாழும் அன்பர்களுக்காகச் சற்று விரிவாகச் சொல்கிறேன். வடக்கில் போர் உச்சமடைந்திருந்த காலத்தில் உளமருத்துவம் என்பது விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரின் உழைப்பாக இருந்தது. பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் வைத்தியசாலையிலும் பல்கலைக்கழகத்திலும் இருந்துகொண்டு, போர் மனிதருடைய உள்ளத்தில் விளைவித்த சேதத்தைப் பதிவு செய்தார்கள். 1980களின் பிற்பகுதியில் தோன்றிய சாந்திகம் போன்ற நிலையங்கள் உளவளத்துணையாளர்களைப் பயிற்றுவித்தன. 2004 இல் ஆழிப்பேரலை வந்தது. அதன் பின்னர்தான் ‘உளசமூகப் பணி’ என்ற சொல் கிராம அலுவலர் வரை சென்றடைந்தது. 2005 இல் அங்கீகரிக்கப்பட்ட தேசிய உளநலக் கொள்கை, தலைநகரின் பெரிய வைத்தியசாலைகளுக்குள் முடங்கிக் கிடந்த சிகிச்சையை மாவட்டங்களுக்குக் கொண்டுவர விழைந்தது. அது நல்ல நோக்கம். ஆயினும் நாட்டின் சட்டப் புத்தகத்தில் இருந்தது, ஆங்கிலேயர் காலத்தில் 1873 இல் இயற்றப்பட்ட கட்டளைச் சட்டம்.

2009 இன் பின்னர் நிலைமை வினோதமானது. மக்களுக்கு உள ஆற்றுகை மிகத் தேவைப்பட்ட முதலிரு ஆண்டுகளில், வன்னியில் அதற்கென அனுமதி பெறுவது வெகு சிரமமாக இருந்தது. வீடு கட்டலாம், கிணறு இறைக்கலாம், தையல் இயந்திரம் கொடுக்கலாம். அழுகின்ற ஒருவருக்கு அருகில் இருந்து செவிமடுப்பதற்குக் கொழும்பிலிருந்து அனுமதிக் கடிதம் வரவேண்டும். அந்த இறுக்கம் தளர்ந்தபோது மறுதலையாக எல்லோரும் ஒரே வேளையில் வந்தார்கள். நான்கு அமைப்புகள் நான்கு வினாக்கொத்துகளுடன் ஒரே தாயின் முற்றத்துக்குச் சென்று, ஒரே மகனின் கதையை நான்கு தடவை சொல்ல வைத்தன. அப்படியொரு தாயை நானே செய்திக்காகச் சந்தித்திருக்கிறேன். ஐந்தாவது தடவையாக.

இந்த ஒழுங்கீனத்தைச் சீர்செய்யவே ஒன்றியம். யார் எங்கே என்ன செய்கிறார்கள் என்று கணக்கெடுப்பது, ஒரே வேலையை இருவர் செய்யாமல் தடுப்பது, எவரும் செய்யாததை அதிகாரிகளுக்கு எடுத்துரைப்பது. காகிதத்தில் எளிய காரியம். நான் சென்ற இரண்டாவது கூட்டத்தில் மாவட்ட வரைபடத்தைச் சுவரில் தொங்கவிட்டு, ஒவ்வோர் அமைப்பும் தான் பணிபுரியும் இடத்தில் நிறக் குண்டூசி குத்தவேண்டும் என்றார்கள். நல்லூரிலும் சாவகச்சேரிப் பக்கத்திலும் ஊசிமேல் ஊசி ஏறி, காகிதம் கிழிந்துவிட்டது. நெடுந்தீவில் ஒரு ஊசியும் இல்லை. குறிகட்டுவானிலிருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணிநேரம்; கடல் கொந்தளித்தால் படகும் இல்லை. அங்கே நோயாளர் இல்லை என்பதல்ல, திட்டம் எழுதுவோருக்குக் கடல் ஒத்துவரவில்லை. அந்த வரைபடத்தைப் படமெடுத்துச் செய்தியாக்கினேன். முதற்பக்கத்தில் வந்தது. செயலாளர் மகிழ்ந்தார். நானும், வந்த காரியம் முடிந்ததென்றே எண்ணினேன்.

கூட்டங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மாதத்தின் முதற் சனி. மௌன வணக்கம், தலைவர் உரை, சென்ற கூட்ட அறிக்கை வாசிப்பு, முன்மொழிதல், வழிமொழிதல். கடிதத் தலைப்பில் எந்த அமைப்பின் இலச்சினை முதலில் வரவேண்டும் என்று ஒன்றரை மணிநேரம் விவாதித்ததை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். பின்னர் வடையும் பிளேன்ரீயும். என் கையெழுத்து அழகானது என்று எவரோ சொல்லப்போக, கூட்ட அறிக்கை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. செய்தியாளன் கூட்டத்தில் செய்திக்குரிய ஒரு வரியை மட்டும் கொத்திக்கொண்டு எழுந்துவிடுவான். அறிக்கை எழுதுபவனோ எல்லோரும் சொன்னதையும் கேட்டுத் தீரவேண்டும். அந்த வயதில் அது எனக்குப் புதிய பழக்கம்.

அவ்வாறு கேட்டுக்கொண்டிருந்தபோதுதான், பின்வரிசைக் கதிரைகளில் நாலைந்து பேர் எப்போதும் ஒன்றும் பேசாமல் இருப்பதைக் கவனித்தேன். அவர்கள் உறுப்பு அமைப்புகளால் அழைத்து வரப்பட்டவர்கள். அறிக்கையில் அவர்களை ‘பயனாளிகள்’ என்று எழுதும்படி எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. சிகிச்சை பெறுவோரும் அவர்களைப் பராமரிக்கும் உறவினரும். கூட்டத்தில் இருக்கலாம், உணவருந்தலாம். யாப்பின்படி வாக்கு இல்லை.

அன்றைய ஆடி மாதக் கூட்டத்தில் ‘ஊடகமும் உளநலமும்’ என்ற பொருளில் என்னை உரையாற்றப் பணித்தார்கள். நான் நன்றாகவே தயார் செய்துகொண்டு போயிருந்தேன். 1995 இல் இந்த நாட்டின் தற்கொலை வீதம் ஓர் இலட்சம் பேருக்கு 47 என்ற அளவுக்கு ஏறி, உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாக இருந்தது. நச்சுத்தன்மை கூடிய பூச்சிகொல்லிகளைத் தடைசெய்ததன் பின்னர் அது பெருமளவு இறங்கியது. தற்கொலைக்கு முயல்வது குற்றமென்ற சட்டம் 1998 இல் நீக்கப்பட்டது. 1980களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் ஒரு துயரச் சம்பவம் ஊரெங்கும் பரவியதையடுத்து, அதே முறையை நாடியவர்களின் தொகை ஆண்டுக்காண்டு பெருகியதை மருத்துவ ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. (எந்த முறை என்று அன்றும் நான் சொல்லவில்லை, இங்கும் எழுதப்போவதில்லை.) ஆகவே தலைப்பில் முறையை எழுதாதீர்கள், காரணத்தை ஒற்றை வரியில் தீர்ப்பளிக்காதீர்கள், உதவி பெறும் தொலைபேசி இலக்கத்தை இறுதியில் தாருங்கள் என்று ஊடகத்துறையினருக்கு நாம் சொல்லவேண்டும் என்றேன். 2003 இல் மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் இத்தகைய செய்தியிடல் பற்றி ஒரு கைந்நூலே வெளியிட்டது, அதை எத்தனை பேர் புரட்டிப் பார்த்தோம் என்றும் ஓர் ஆதங்கத்தோடு கேட்டேன். கைதட்டினார்கள்.

பின்வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. முப்பத்தைந்து, நாற்பது வயது மதிக்கத்தக்கவர். சேர்ட்டின் பொத்தான்களைக் கழுத்து வரை பூட்டியிருந்தார்.

“ஐயா, 2003 ஆம் ஆண்டு நீங்கள் எந்தப் பேப்பரிலை இருந்தனீங்கள்?”

சொன்னேன்.

“அப்ப, ‘தண்ணீர்த்தாங்கியில் ஏறிய ஜனாதிபதி’ எண்டு ஒரு செய்தி வந்தது. அதுக்குத் தலைப்புப் போட்டது ஆரெண்டு தெரியுமோ?”

எனக்குத் தெரியும். சமாதான காலத்தில் செய்திப் பஞ்சம் நிலவிய ஒரு மாலை. எங்கள் பிராந்திய நிருபர் தொலைபேசியில் ஒரு துணுக்குச் சொன்னார். சித்தசுவாதீனமற்ற இளைஞர் ஒருவர் சந்தியிலுள்ள தண்ணீர்த்தாங்கியில் ஏறி நின்று இரண்டு மணிநேரம் உரையாற்றினார், சனங்கள் கூடிவிட்டார்கள், பொலிஸார் இறக்கிக் கொண்டுபோனார்கள். முதற்பக்கத்தில் ஒரு பெட்டி காலியாக இருந்தது. உதவிச் செய்தி ஆசிரியராக இருந்த நான் பதினொரு வரியில் எழுதித் தலைப்புமிட்டேன். ஒப்புநோக்குநர் வாய்விட்டுச் சிரித்தார். ஆசிரியர் தன் செலவில் எல்லோருக்கும் தேநீர் வரவழைத்தார். வயது, ஊர், சந்தி, பெயரின் முதலெழுத்து எல்லாம் இருந்தன. யாழ்ப்பாணத்தில் அதற்குமேல் முகவரி வேண்டியதில்லை.

அத்தனையும் ஒரு கணத்தில் நினைவுக்கு வந்தன. நான் சொன்னது இது: “பழைய விடயம். விசாரித்துப் பார்த்துச் சொல்லுகிறேன்.”

அவர் தலையாட்டிவிட்டு அமர்ந்தார். அறிக்கையில் அந்த வினாவை நான் எழுதவில்லை.

அடுத்த மாதக் கூட்டத்துக்குப் போகவில்லை. காய்ச்சல் என்றேன். அதற்கடுத்ததற்கும் போகாமல் விட்டிருப்பேன். ஆனால் செயலாளர் அறிக்கைக் கொப்பியைக் கேட்டு வீட்டுக்கே ஆளனுப்பினார். கொப்பியைப் புரட்டியபோது, எல்லோரும் சொன்னதையும் எழுதியிருந்த என் அழகிய கையெழுத்தில் அந்த ஒரு வினா மட்டும் இல்லாதிருந்தது தாங்கமுடியாததாக இருந்தது. மறுநாள் துவிச்சக்கரவண்டியை எடுத்துக்கொண்டு அவரைத் தேடிப்போனேன். மிளகாய், மல்லி அரைக்கும் ஆலை ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தார். தும்மலுக்கிடையில், அந்தத் தலைப்பு என்னுடையதுதான் என்றேன்.

“தெரியும். நீங்கள் ‘விசாரிச்சுச் சொல்லுறன்’ எண்ட உடனையே விளங்கிற்றுது” என்றார்.

கோபமில்லை. அதற்காக மன்னித்துவிட்டார் என்றும் நான் எழுதமாட்டேன். ஆலையின் கொதிப்பு அடங்கும்வரை வெளியே வாங்கில் இருந்து பேசினோம். செய்தி வந்த மறுநாளிலிருந்து ஊரில் அவருக்கு ‘ஜனாதிபதி’ என்றே பெயர். சிறுவர்கள் பின்னால் வந்து கோஷமிட்டார்கள். வைத்தியசாலையிலிருந்து தெளிந்து வந்தவரைச் சந்தியில் மறித்து “இண்டைக்குக் கூட்டம் இல்லையோ?” என்று கேட்டார்கள். அவர் வீட்டைவிட்டு இறங்குவதை நிறுத்தினார்; சிகிச்சைக்குச் செல்வதையும் நிறுத்தினார். நோய் திரும்ப வந்தது. தாயார் அவரைச் செல்வச்சந்நிதிக்குக் கூட்டிச்சென்று பல மாதங்கள் மடத்தில் தங்கவைத்திருக்கிறார். “தங்கச்சிக்குப் பேசின கலியாணம் ரண்டு குழம்பினது. மூண்டாவதா வந்தவை பேப்பர் வாசிக்கிறேல்லைப் போலை” என்று சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

என்ன செய்யவேண்டும் என்று கேட்டேன். மன்னிப்பு வரிகள் நாலு பத்திரிகையில் போடுவேன் என்று எதிர்பார்க்கிறாரோ என நினைத்தேன். “திருப்பியும் பேப்பரிலை போட்டு எல்லாருக்கும் ஞாபகப்படுத்தப் போறியளோ?” என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவர் கேட்டது வேறு. “உந்தக் கூட்டத்திலை எங்களுக்கு ஒரு வாக்கு வேணும். அதை அறிக்கையிலை எழுதுங்கோ. நான் சொன்ன மாதிரியே.”

அடுத்த கூட்டத்தில் அவர் எழுந்து சொன்னதை அப்படியே எழுதினேன். “எங்களைப் பயனாளி, பயனாளி எண்டுறியள். பயன் ஆருக்கு ஐயா? எங்கடை பேரிலை திட்டம் வருகுது, வாகனம் வருகுது, உங்களுக்குச் சம்பளம் வருகுது. அப்ப ஆர் பயனாளி?”

சபை விறைத்தது. ஓர் அமைப்பின் இணைப்பாளர், இது நன்றியீனம் என்றார். இன்னொருவர், நோய்த் தன்மையால் இப்படிக் கதைக்கிறார் என்று அருகிலிருந்தவருக்குச் சொன்னது எனக்கும் கேட்டது. மூத்த உளமருத்துவர் ஒருவர் மட்டும், “இதிலை நோய் எங்கை இருக்கு? கணக்கல்லோ இருக்கு” என்றார். யாப்புத் திருத்தத்துக்கு உபகுழு அமைப்பதென்று தீர்மானமாயிற்று. ஒரு விடயத்தை ஒத்திப்போடுவதற்கு எம்மவர் கண்டுபிடித்த உன்னத வழி உபகுழு. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள், 2020 இல் கொரோனா ஊரடங்கு. உபகுழு கூடவில்லை. நான் அதன் அழைப்பாளன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பின்னர் 2022 வந்தது. அந்த ஆண்டை வெளிநாட்டிலிருந்து தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு எரிபொருள் வரிசைகளும் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்த சனக்கூட்டமும் நினைவிருக்கும். வைத்தியசாலைகளில் மருந்து தீர்ந்துகொண்டிருந்தது அவ்வளவாகப் படத்தில் வரவில்லை. நாடு முழுவதும் மருந்துத் தட்டுப்பாடு. உளநோய்க்கான மருந்துகளும் அதற்குத் தப்பவில்லை. சளிக்காய்ச்சல் மருந்து போல, இல்லாவிட்டால் இரண்டு நாள் பொறுத்துக்கொள்ளக்கூடியவையல்ல அவை. குளோசபின் போன்ற மருந்தைத் திடீரென நிறுத்தினால் நோய் கடுமையாகத் திரும்பலாம். அதை உட்கொள்பவர்களுக்குக் குருதிப் பரிசோதனையும் ஒழுங்காக நடக்கவேண்டும். மருந்து ஓரிடத்தில் இருக்கும், பரிசோதனைக்குரிய வசதி இன்னோரிடத்தில் இருக்கும், இரண்டுக்குமிடையில் ஓட பஸ்ஸுக்கு டீசல் இருக்காது.

ஒன்றியம் அவசரக் கூட்டம் கூட்டியது. பதினேழு பேர் நடந்தும் துவிச்சக்கரவண்டியிலும் வந்தார்கள். அமைச்சுக்கு மகஜர் எழுதுவோம் என்றார் தலைவர். கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் மருந்து அனுப்பத் தயாராக இருக்கிறார்கள் என்றார் ஒருவர். அனுமதியின்றி வந்தால் சுங்கத்தில் கிடந்துவிடும் என்றார் மற்றவர். எந்த மருந்து எங்கே எத்தனை நாளுக்கு இருக்கிறது என்று எவரும் அறிந்திருக்கவில்லை. அறியாமல் எதை மகஜரில் எழுதுவது?

அவர் எழுந்து வந்து ஒரு கொப்பியை மேசையில் வைத்தார். பாடசாலைப் பிள்ளைகளின் எண்பது பக்கக் கொப்பி. நாற்பது பேருக்கு மேற்பட்டோரின் பெயரின் முதலெழுத்து, எடுக்கும் மருந்து, அளவு, வீட்டில் மீதமுள்ள நாட்கள், செல்லும் கிளினிக், அங்கே கடைசியாகச் சொன்ன பதில். கிளினிக் வாசலில் மணிக்கணக்காகக் காத்திருப்போர் தமக்குள் பேசிக்கொண்டதை அவரும் இன்னும் இரு பெண்களும் இரண்டு மாதங்களாக எழுதிவந்திருக்கிறார்கள். தலைக்குமேல் ஐந்து நாட்களே மீதமிருந்த பெயர்களுக்குச் சிவப்பு மையால் கோடு.

முதலில் ஒரு சச்சரவு எழுந்தது. மீதமாக வைத்திருப்பவரிடம் வாங்கி இல்லாதவருக்குக் கொடுக்கலாம் என்பது அவர்களுடைய எண்ணம். சில தடவை கொடுத்துமிருந்தார்கள். வைத்தியர்கள் அதற்கு இணங்கவில்லை, இணங்கவும் முடியாது. மருந்தின் அளவு ஆளுக்காள் வேறு. நீண்ட பேச்சின் பின்னர், கொப்பியின் விபரத்தைப் பெயரின்றித் தொகுத்து மாவட்டத்துக்குப் பொறுப்பான உளநல வைத்திய அதிகாரியிடம் வாரந்தோறும் கையளிப்பது, வைத்தியசாலைகளிடையே இருப்பை மாற்றிப் பகிர அவர் முயல்வது என்று முடிவாயிற்று. தொகுத்து எழுதும் வேலை எனக்கு. ஒவ்வொரு வெள்ளியும் ஆலை வாங்கில் அமர்ந்து அவர் சொல்லச்சொல்ல எழுதினேன். எல்லோருக்கும் மருந்து கிடைத்ததா என்றால், இல்லை. இருவருக்கு நோய் முற்றித் திரும்பவும் விடுதியில் அனுமதிக்க நேர்ந்தது. சிவப்புக் கோட்டில் இருந்த பலருக்குக் கிடைத்தது. நான் அறிந்தவரை, நான்கு ஆண்டுகளில் எங்கள் ஒன்றியம் செய்த பயனுள்ள காரியம் அது ஒன்றுதான். அதைச் செய்தவர்களுக்கு எங்கள் யாப்பில் வாக்கு இருக்கவில்லை.

அந்தக் கொப்பியைப் பற்றி நான் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினேன். அச்சுக்கு அனுப்புமுன் தலைப்பை அவருக்குத் தொலைபேசியில் வாசித்தேன். ‘நோயாளர் கொப்பி காத்த உயிர்கள்’. “உயிரைக் காத்தது மருந்து. கொப்பி எண்டால் கொப்பிதான்” என்றார். ‘கிளினிக் வாசலில் ஒரு கொப்பி’ என்று மாற்றினோம். விற்பனைக்கு உகந்த தலைப்பல்ல என்று இளம் ஆசிரியர் முணுமுணுத்தார். அந்த இளம் ஆசிரியர் முகத்தில் நான் யாரைக் கண்டேன் என்று சொல்லவேண்டியதில்லை.

2023 பொதுக்கூட்டத்தில் யாப்புத் திருத்தம் எடுத்துக்கொள்ளப்பட்டது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சாசனத்தை இலங்கை 2016 இலேயே ஏற்புறுதி செய்துவிட்டது. தம்மைப் பற்றிய தீர்மானங்களில் தாமே பங்குகொள்வது அவர்களுக்குச் சலுகையல்ல என்று உபகுழுவின் சார்பில் நான் வாதாடினேன். எதிர்த்தவர்களையும் குறை சொல்வதற்கில்லை. ஒருவர், நாளை ஒருவருக்கு நோய் திரும்பினால் அவருடைய வாக்கு என்னாவது என்று உண்மையான கவலையுடன் கேட்டார். பராமரிப்பாளர் அம்மா ஒருவர் எழுந்து, “உங்களுக்கு நீரிழிவு கூடி மயங்கினால் உங்கடை வாக்கு என்னாகுமோ, அதுதான்” என்றார். மூன்றில் இரண்டு பெரும்பான்மைக்கு மேல் ஒரு வாக்கு அதிகமாகக் கிடைத்தது. நிறைவேற்றுக் குழுவில் இரு இடங்கள் சிகிச்சை பெறுவோருக்கு, ஓர் இடம் பராமரிப்போருக்கு. ‘பயனாளி’ என்ற சொல் யாப்பிலிருந்து நீக்கப்பட்டது. அங்கத்துவப் படிவத்தில் நான்காவது கட்டம் ஒன்று வந்தது. அதற்கு என்ன பெயரிடுவது என்பதற்கு மட்டும் மூன்று கூட்டங்கள் பிடித்தன. ‘அனுபவத்தால் அறிந்தவர்’ என்றானது. எனக்கு அந்தச் சொற்றொடர் அவ்வளவு பிடிக்கவில்லை. ஆனால் அதைத் தெரிந்தவர்கள் அவர்கள்.

இந்தக் கட்டுரையையும் அவர் வாசித்திருக்கிறார். ஆலை எங்கே என்று நான் எழுதியிருந்த வரியை வெட்டினார். மற்றவை இருக்கட்டும் என்றார்.

சென்ற ஆண்டு ஒருநாள், அந்தப் பழைய செய்தியின் பிரதி ஒன்று கிடைக்குமா என்று கேட்டார். ஏன் என்றேன். “நான் அதை ஒருநாளும் வாசிக்கேல்லை. வந்த அண்டைக்கு நான் வாட்டிலை. ஊரெல்லாம் வாசிச்சது, நான் மட்டும் வாசிக்கேல்லை.”

பதினைந்து ஆண்டுகள் அந்தத் தலைப்பைச் சுமந்தவரை ஒன்றியத்தில் சந்தித்து, மேலும் ஆறாண்டுகள் அருகிலிருந்து பழகியும், அவர் அதை வாசித்திருப்பார் என்றே நான் எண்ணியிருந்தேன். அலுவலகத்தில் பழைய பிரதிகள் மாதவாரியாகக் கட்டப்பட்டுக் கிடந்தன. இரண்டு மணிநேரம் தூசு தட்டித் தேடியெடுத்து நிழற்பிரதி செய்துகொண்டு போனேன். ஆலையை நிறுத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வாசித்தார். பதினொரு வரிகள். திரும்பவும் வாசித்தார்.

“நான் என்ன கதைச்சனான் எண்டு இதிலை இல்லையே.”

இல்லைதான். நிருபர் தொலைபேசியில், ‘ஜனாதிபதி, ஜனாதிபதி எண்டு கத்தினவர்’ என்று மட்டும் சொன்னார். மீதியை நான் இட்டு நிரப்பினேன்.

“நான் ஜனாதிபதி எண்டு சொல்லேல்லை. ஜனாதிபதியை வரச் சொன்னனான். அண்ணை எங்கையெண்டு கேக்கிறதுக்கு.”

1996 இல் யாழ்ப்பாணத்தில் பிடித்துச் செல்லப்பட்டுக் காணாமற்போன நூற்றுக்கணக்கானோரில் அவருடைய தமையனும் ஒருவர். அப்போது இவருக்குப் பதினைந்து வயது. தாங்கியில் நின்று அண்ணனின் பெயரையும், பிடித்த திகதியையும், பிடித்த இடத்தையும் திரும்பத் திரும்பச் சொன்னதாக நினைவிருக்கிறது என்றார். “வேறை கனக்கவும் சொல்லியிருப்பன். அதெல்லாம் வருத்தத்திலை சொன்னது. இது அப்படியில்லை.” கீழே இருநூறு, முந்நூறு பேர் நின்று கேட்டிருக்கிறார்கள்.

நிழற்பிரதியை நான்காக மடித்துத் தன் கிளினிக் கொப்பிக்குள் வைத்தார். பிறகு, வரும் சனிக்கிழமை கூட்டம் ஒன்பது மணிக்கா, ஒன்பதரைக்கா என்று கேட்டார். ஒன்பதுக்கு என்றேன். ஆலையைத் திரும்ப முடுக்கிவிட்டார்.